கங்கைத் துறையில் ஒன்றுமில்லை

கட்டைபறிச்சான்,
1942 ஒக்ரோபர் 6.

அன்பு மகன் வீரசிங்கத்துக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். உன் கடைசிக் கடிதம் அரைப் பக்கம். அதில் பாதி கொழும்பு மழையைப் பற்றி. மழையை நான் பத்திரிகையில் படித்துக்கொள்வேன். உன் இருமல் நின்றதா என்பதைப் பத்திரிகை போடாது.

இதை நான் தபாலில் போடவில்லை. இங்கிருந்து போகும் கடிதங்களைத் திறந்து பார்க்கிறார்கள். துறைமுகத்தைப் பற்றி ஒரு சொல் இருந்தாலும் கத்தரித்துவிடுகிறார்கள். மூதூர் கலீலுர் றஹ்மான் கருவாட்டு வியாபாரமாகக் கொழும்புக்கு வருகிறார். அவர் கையில் தருகிறேன். அவரை வாசலில் நிற்க வைத்துப் பேசாதே. கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடு.

உன் தங்கச்சி இரத்தினேஸ்வரிக்கு இது ஏழாம் மாதம். இடைக்கிடை குளிர்காய்ச்சல் வருகிறது. கொயினா கிடைக்கும்போது கொடுக்கிறேன், கிடைக்காதபோது கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன். உன் அப்பா அப்போதிக்கரியாக இருந்த வீட்டில் மருந்துக்கு இப்படி ஒரு காலம் வருமென்று நான் நினைத்ததில்லை. முதற் பிள்ளை தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த முறையும் வீட்டில் வைத்துப் பார்த்தால் தாயும் தப்பமாட்டாள் என்று திருகோணமலைப் பட்டினத்து டொக்டர் சொல்லிவிட்டார். மார்கழி பிறந்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். இப்போதே கொண்டுபோய் வைத்திருக்கலாமே என்று கேட்பாய். எங்கே வைப்பது? சித்திரையில் குண்டு விழுந்து நாங்கள் இங்கே ஓடிவந்தபின், நம் பட்டினத்து வீட்டை அரசாங்கம் எடுத்துவிட்டது. என் அலுமாரியில் யாரோ அந்நியர் சப்பாத்து வைக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. வலி கண்டவளை, அல்லது நாள் நெருங்கியவளைத்தான் எடுப்பார்கள். மருமகன் சிவபாதம் சீனன்குடாப் படைமுகாமில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். அங்கே பெண்களைத் தங்க விடமாட்டார்கள்.

ஆகவே எல்லாம் கங்கைத் துறையில் வந்து நிற்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மூதூருக்கும் பட்டினத்துக்கும் ஓடிய லோஞ்சை யுத்த வேலைக்கு எடுத்தபின், இந்தக் கரையில் இருப்பவர்கள் பட்டினத்துக்குப் போவதென்றால் குடாவைச் சுற்றிக் கிண்ணியா வழியாகத்தான் போக வேண்டும். வழியில் சின்ன ஆற்று வாய்களைத் தோணியில் கடக்கலாம். இந்தப் பக்கத்துப் பெரிய ஆறான கங்கை அப்படியல்ல. மாரித் தண்ணீர் இறங்கினால் தோணி நில்லாது. முன்பு ஒரு மரப் பாதை இருந்தது. கரைக்குக் கரை கயிற்றால் இழுக்கும் மிதப்பை இங்கே பாதை என்பார்கள். மேல் மாகாண ஆறுகளில் ஓடுகிற மாதிரியில் செய்தது. இரண்டு படகுகளைச் சேர்த்து மேலே பலகை. இங்கே மணல்திட்டில் ஏறி நின்றுவிடும். கயிற்றைக் கட்டிய மரத்தையே வெள்ளம் கொண்டுபோய்விடும். இரண்டு மாரியோடு அது போய்விட்டது.

இப்போது அங்கே ஓடுவது வேறு. சீனன்குடாவில் குண்டு பட்டு எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த நாட்களில் வெற்றுப் பீப்பாய்கள் குடாவெங்கும் மிதந்து வந்து கரையேறின. கிண்ணியாவில் தோணி கட்டும் ஸெய்னுதீன் அவற்றைச் சேர்த்துப் பிணைத்து, வண்டியும் மாடும் ஏறக்கூடிய பாதை ஒன்று செய்திருக்கிறார். முழங்கால் தண்ணீரிலும் மிதக்கிறது. அவருக்குக் கூட்டாளி சல்லியிலிருந்து வந்திருக்கும் மீன்பிடி முதலாளி கதிரவேல் சம்மாட்டியார். சல்லிக் கடற்கரையில் வலை இழுக்கத் தடை என்பதால் அவருடைய கரைவலையும் கயிறும் சும்மா கிடந்தன. அந்தக் கயிற்றை மரத்தில் கட்டாமல், கரைவலை இழுப்பது போலவே இரண்டு கரையிலும் ஆட்கள் பிடித்துக்கொண்டு, ஆற்றின் இழுவைக்குத் தக்கபடி நடந்து நடந்து விடுகிறார்கள். கரை எங்கே மாறினாலும் அவர்களும் மாறி நிற்கிறார்கள். நான் அதில் ஏறி வந்திருக்கிறேன். சேலை ஓரம் நனையவில்லை.

இருவருக்கும் ஒருநாளும் ஒத்துவராது. பாதையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று ஸெய்னுதீன் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார். கதிரவேல் விடமாட்டார். “என்ர கயிறு பிடிச்சிராட்டி உன்ர பீப்பா இப்ப வங்காளத்துக்குப் போயிருக்கும், காக்கா” என்பார். அண்ணன் முறை வைத்துத்தான் சண்டை.

இனி, நீ உன் அரசாங்கக் கந்தோருக்காக எழுதிய அறிக்கைக்கு வருகிறேன். அதன் சுருக்கத்தைப் பத்திரிகையில் படித்தேன். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. கன்னியர் மடத்தில் எனக்குப் படிப்பித்த மதர் இருந்தால் உன்னை மெச்சியிருப்பார். ஆனால் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. மாவட்டம் மாவட்டமாக மக்களின் புதிய முறைகளை எண்ணியிருக்கிறாய். மேல் மாகாணத்துக்கு இத்தனை, யாழ்ப்பாணத்துக்கு இத்தனை. திருகோணமலைக்கு ஒன்றுமில்லை. யுத்த காலத்தில் கம்பிக் கயிறும் இரும்பும் எண்ணெயும் குறைவு என்பதால், புத்தி ஏற்கனவே வேலை செய்கிற மாவட்டங்களுக்கே உதவியைக் கொடுக்க வேண்டும் என்று முடித்திருக்கிறாய்.

உன் கந்தோர் அனுப்பிய உத்தியோகத்தர் இங்கே எப்படி வந்தார் தெரியுமா? அந்தப் பாதையில் ஏறித்தான் வந்தார். சைக்கிளையும் ஏற்றினார். சப்பாத்து நனையாமல் இறங்கி, இந்தப் பகுதியில் யாராவது புதிதாக ஏதேனும் செய்திருக்கிறார்களா என்று ஊர்த் தலைமைக்காரர் விதானையாரைக் கேட்டார். அவர் இல்லை என்றார். ஸெய்னுதீனைக் கேட்டார். கையில் கயிற்றைப் பிடித்தபடியே அவர், “ஒண்டுமில்லை ஐயா” என்றார். உத்தியோகத்தர் அதை எழுதிக்கொண்டு, அதே பாதையில் திரும்பிப் போனார்.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நீ யோசிக்க வேண்டும். இங்கே கேள்வி கேட்டு வருகிறவர் எல்லாரும் எதையாவது தடுக்கத்தான் வருகிறார்கள். உன் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவர் வரைபடம் இணைக்க வேண்டுமாம். இங்கே கரையை வரைகிறவனை உளவாளி என்று பிடிப்பார்கள். யாழ்ப்பாணத்தான் தன் கிணற்றை வரைந்து அனுப்பலாம், அவனை யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே உன் எண்ணிக்கை மக்களின் புத்தியைக் காட்டவில்லை. எந்த மாவட்டத்தில் வாய் திறக்கலாம் என்பதைத்தான் காட்டுகிறது.

கதிரவேலின் கயிறு நைந்துவிட்டது. தும்புக் கயிறு எங்கும் கிடையாது, எல்லாம் யுத்தத்துக்கு. எங்களுக்கு வேண்டியது ஒரு சுருள் கயிறும், இந்தப் பாதை ஓடலாம் என்று ஒரு கடதாசியும். நான் உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் இருவரும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். எழுத வேண்டாம் என்றார்கள். என் மகன் அப்படிப்பட்ட உத்தியோகத்தன் அல்ல என்றேன். பிறகு ஸெய்னுதீன் மட்டும் என் பின்னால் வந்து, எழுதுவதென்றால் தன் பெயரையும் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

மார்கழிக்கு முன் செய்.

உன் நலம் நாடும் அம்மா,
பத்மாசனி

கட்டைபறிச்சான்,
1942 நவம்பர் 19.

அன்பு மகன் வீரசிங்கத்துக்கு,

கலீலுர் றஹ்மான் உன் பதிலைக் கொண்டுவந்து தந்தார். நீ அவரை உள்ளே இருத்திச் சாப்பாடும் கொடுத்தாய் என்று மூதூர்க் கடைத்தெரு முழுவதும் சொல்லித் திரிகிறார். எனக்குச் சந்தோஷம். உன் கடிதத்தை இரத்தினேஸ்வரிக்கு இருமுறை படித்துக் காட்டினேன். நான் எழுதியதை நீ ஆங்கிலத்தில் எழுதிக் குழுவின் முன் வைத்ததையும், பெரியவர் ஒருவர் அதை வெகுவாக மெச்சியதையும் கேட்டு அவள் சிரித்தாள். அவள் சிரித்துக் கனகாலம்.

நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். தாய் சொன்னதற்காக விதியை வளைக்க ஏலாது, ஆகவே முறைப்படி இங்குள்ள கந்தோருக்கு அறிவித்து, பாதையைப் பரிசோதிக்கச் சொல்லியிருப்பதாக. அது சரி. நானும் உன்னை அப்படித்தான் வளர்த்தேன்.

பரிசோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். ஸெய்னுதீன் வெள்ளைச் சாரமும் தொப்பியும் போட்டு வந்து நின்றார். பாதையை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் விட்டுக் காட்டினார். பீப்பாய்களை எப்படிப் பிணைத்தார், எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டதற்கெல்லாம் கேட்டதிலும் கூடுதலாகச் சொன்னார். கதிரவேல் தூரத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு யாருடையது என்று கேட்டபோது, தெரியாது என்றார்.

அவர்கள் போய்ச் சில நாளில் கட்டளை வந்தது. அங்கீகரித்த மாதிரியில் இல்லாத மிதப்புகள் ஆற்று வாய்களில் ஓடக்கூடாது. அங்கீகரித்த மாதிரி எது என்று விதானையாரைக் கேட்டேன். இரண்டு படகுகளும் மேலே பலகையும். மணல்திட்டில் ஏறி நின்ற அதே சாமான். தீவு முழுவதற்கும் ஒரே மாதிரியாம். களுத்துறையில் மிதப்பது கங்கையிலும் மிதக்க வேண்டும் என்று யாரோ ஒரு மேசையில் இருந்து முடிவுசெய்திருக்கிறார்.

நேற்று முன்தினம் இரண்டு லொறிகள் வந்தன. குடாவில் மிதந்து வந்தவை யுத்தச் சொத்து என்று சொல்லிப் பீப்பாய்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திருட்டு என்று வழக்கு வைக்காமல் விட்டதே பெரிய தயவு என்று ஸெய்னுதீனுக்குச் சொல்லப்பட்டது. அந்த மனிதர் வாய் ஓயாதவர். அன்றைக்குக் கழற்றிப் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினார்.

நான் கதிரவேலிடம், என் மகன் விடமாட்டான், அனுமதி வரும் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

“அம்மா, நாங்கள் ஒண்டுமில்லை எண்டு சொன்னது வெக்கத்திலயோ பயத்திலயோ இல்லை. இருக்கு எண்டு சொன்னால் பிறகு இராது. அதுதான்.”

மழை பிடித்துவிட்டது. கங்கைத் தண்ணீர் சிவந்து வருகிறது. இரத்தினேஸ்வரிக்குக் கால் வீங்கியிருக்கிறது, முகமும் ஊதியிருக்கிறது. தண்ணீர் ஏறுமுன் இந்தக் கிழமையே அவளைத் தோணியில் அக்கரைப்படுத்தி, கிண்ணியாவில் ஸெய்னுதீனின் தங்கச்சி நபீஸா வீட்டில் வைத்திருக்கலாம் என்று மருமகன் சொல்கிறார். நபீஸாவும் ஆள் அனுப்பி, அறையை ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். காய்ச்சலில் தோணியில் நனைய வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சி பிறர் வீட்டில் கிடந்து கஷ்டப்படவும் வேண்டாம். இரண்டு கிழமைக்குள் விசேட அனுமதி எடுத்துத் தருகிறேன் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். நீ எழுதினால் நடக்கும் என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உன் பெரியவர் மெச்சியது போதும். அவரிடம் போய் நில். இந்தக் கடிதத்தை மேசையில் வை. இங்கே ஆறு வேறு, கரை வேறு, யுத்தம் வந்து விழுந்த விதமும் வேறு என்று சொல். ஒரே விதியை எல்லா ஆற்றுக்கும் போட்டால், ஒரு மாவட்டத்தில் அது உதவி, இன்னொன்றில் அது பூட்டு என்று சொல். உனக்குச் சொல்லத் தெரியும். நீ பரிசு வாங்கிய கட்டுரைகளையெல்லாம் நான்தான் திருத்தினேன்.

வேறொன்றும் கேட்கவில்லை, மகன். சுறுக்காகச் செய்.

காத்திருக்கும் அம்மா,
பத்மாசனி

கட்டைபறிச்சான்,
1943 ஜனவரி 23.

மகன் வீரசிங்கத்துக்கு,

உன் தந்தி கிடைத்தது. பிறகு உன் நீண்ட கடிதமும் கிடைத்தது. தங்கச்சியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துவிட்டது. மருமகன் அஸ்தியைக் கடலில் கரைத்தார். நீ வரவில்லை என்று இங்கே யாரும் குறை சொல்லவில்லை. வெள்ளத்தில் றெயில் ஓடவில்லை என்பதும், ஓடியிருந்தாலும் கங்கையைக் கடந்திருக்க ஏலாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறாய். ஒருமுறை எழுதுகிறேன். பிறகு கேட்காதே.

வலி ஒரு காலையில் தொடங்கியது, டொக்டர் சொன்ன நாளுக்கு முந்தியே. வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். மூதூர் மருத்துவிச்சி ஜெஸீமா கேட்காமலே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். கங்கைத் துறைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. ஆறு நிறைந்து, மரங்களை உருட்டிக்கொண்டு போனது. அந்தக் கரையில் ஸெய்னுதீனும் ஆட்களும் நின்றார்கள். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. இந்தக் கரையில் கதிரவேல். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, நைந்த கயிற்றைப் பிடித்து, அவர்கள் மூன்று தரம் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் தரம் கயிறு போனது. தோணியில் இருந்தவர்களை ஆற்றுக்குக் கொடாமல் இழுத்தெடுத்ததே பெரிய காரியம்.

பின்னேரம் வரையும் அவள் கிடந்தாள். டொக்டர் இருக்கும் பக்கம் அந்தக் கரைக்கு அப்பால். எனக்கு அந்தக் கரையில் நின்ற ஆட்களின் முகம் தெரிந்தது. அவ்வளவுதான் தூரம். பீப்பாய்ப் பாதை இருந்தபோது நான் அதில் ஒரு செபமாலை சொல்லி முடிக்குமுன் கடந்திருக்கிறேன். மடத்தில் பழகிய பழக்கம், நான் சைவமென்றாலும் விடவில்லை. அன்றைக்கு எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. அவளுக்கு வலிப்புக் கண்டது. ஜெஸீமா பிள்ளையை எடுத்தாள். தாயைப் பிடித்து நிறுத்த ஏலவில்லை.

கடைசியில் அவள் தெளிவாகத்தான் கேட்டாள். “அண்ணா எழுதின கடதாசி வந்திட்டுதா அம்மா?”

வந்துவிட்டது என்று சொன்னேன். அன்றுவரை என் வாழ்நாளில் பிள்ளைகளுக்கு நான் பொய் சொன்னதில்லை.

பிள்ளை இருக்கிறது. பெண். ஜெஸீமாவின் மகள் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுக்கிறாள். மெலிவுதான், ஆனால் குரல் பெரிது. மருமகன் வேலைக்குத் திரும்பிவிட்டார். கிழமைக்கு ஒருமுறை வருகிறார். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னோடு மரியாதையாகத்தான் பேசுகிறார். கார்த்திகையில் அவர் சொன்ன தோணிக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. யார் எழுதியதால் பீப்பாய் போனது என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கதிரவேல் இரண்டு நாளைக்கு ஒருமுறை மீன் கொண்டுவந்து குசினிப் படியில் வைத்துவிட்டுப் போகிறார். கேட்டால் எனக்குப் பதில் சொல்லலாம். அவர்கள் கேட்கிறார்கள் இல்லை.

இனி உன் கந்தோர்ச் செய்தி. தை பிறந்தபின் உங்கள் விசேட அனுமதி வந்தது. கூடவே அங்கீகரித்த மாதிரியின் படமும், ஸெய்னுதீன் கொழும்புக் கண்காட்சிக்கு வந்து பரிசு பெற வேண்டும் என்று ஓர் அழைப்பும். நான் அவருக்குப் படித்துச் சொன்னேன். பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். போகமாட்டேன் என்றார். அந்தக் கடதாசியை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சென்ற கிழமை அதே உத்தியோகத்தர் திரும்பவும் வந்தார். திருத்திய அறிக்கை எழுதுகிறீர்களாம். திருகோணமலைக்கு இந்த முறை ஒன்று உண்டு என்று காட்ட விரும்புகிறீர்களாம். பீப்பாய்ப் பாதையை ஒன்று என்று எண்ணலாமா, அதற்குப் பிறகு மக்கள் வேறேதும் புதிதாகச் செய்திருக்கிறார்களா என்று கேட்டார். விதானையார் ஒன்றுமில்லை என்றார். கதிரவேல் ஒன்றுமில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ என் மகன் என்பதால் மரியாதையாக, ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஒன்றுமில்லை என்றேன். பாதையை எண்ணலாமா என்றதற்கு, அது இப்போது இல்லையே, இல்லாததை எப்படி எண்ணுவது என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

எந்த வழியால் வந்தீர்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. எந்த வழியால் திரும்பினார் என்றும் பார்க்கவில்லை.

ஆகவே உன் முதல் அறிக்கையை மாற்ற வேண்டாம். திருகோணமலைக்கு ஒன்றுமில்லை என்றே இருக்கட்டும். உதவியை யாழ்ப்பாணத்துக்கே கொடுங்கள், அவர்கள் நன்றாகப் பயன்படுத்துவார்கள். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடுகிறேன். திறந்து பார்க்கிறவர்களும் படிக்கட்டும். கத்தரிக்க இதில் ஏதுமில்லை. நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களும் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு.

உன் நீண்ட கடிதத்தில் நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. நீ முறைப்படி நடந்தாய். உன்னை அப்படி வளர்த்தது நான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவும் மாட்டேன், உன்னை எழுத விடவும் மாட்டேன்.

ஆனால் பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாய்மாமன் வராமல் வைக்கக்கூடாது என்று மருமகன் சொல்கிறார். அவராகச் சொன்னது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

லீவு எடுத்துக்கொண்டு வா. கோப்பு ஒன்றும் கொண்டுவராதே. சீனன்குடாவில் மருமகனைப் பார். கிண்ணியாவில் நபீஸா வீட்டில் ஒரு நேரம் சாப்பிடு, அவள் அந்த அறையில் இன்னும் ஆட்களை விடவில்லை. பிறகு கங்கைத் துறைக்கு வா. அங்கே ஒன்றும் இராது. தண்ணீரும் மணலும்தான். கரையில் நின்று, அப்போதிக்கரியம்மாவின் மகன் வந்திருக்கிறேன் என்று பலமாகச் சொல். கொஞ்சம் பொறு. ஆட்கள் வருவார்கள். அவர்கள் சொல்கிற இடத்தில் ஏறி இரு. கயிற்றைத் தந்தால் பிடி.

இந்தக் கரையில் நான் பிள்ளையோடு நிற்பேன். எப்படி வந்தாய் என்று உன்னைக் கேட்கமாட்டேன். நீயும் ஒருவருக்கும் எழுதாதே.

கோணேசப் பெருமான் உன்னை நனையாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அம்மா